ஏறாத பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்

ஹைதராபாத் போரபண்டாவில் எங்கள் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். ஓம்காருக்கு வேலை கிடைத்ததா என்ற கேள்வி மட்டும் தினமும் தவறாமல் வரும். கேட்பவர் எதிர்வீட்டு பிரமராம்பா. மகன் டல்லாஸில் இருப்பதால், மற்றவர்களுடைய மகன்களைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நிறைய நேரம் இருந்தது. வேலை என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கமாட்டார். அது அவருடைய நாகரிகம். "என்ன ஓம்கார், ஏதாவது ஆச்சா நாயனா?" என்பார். எங்கள் சந்தில் 'ஏதாவது' என்றால் அது ஒன்றுதான்.

"இல்ல ஆன்ட்டி" என்று ஓம்கார் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

அவன் படித்தது மெக்கானிக்கல். வகுப்பில் அறுபது பேர். அதில் படிப்பு முடிந்தபிறகு இயந்திரத்தைத் தொட்டவர்கள் இரண்டு பேர்: ஒருவன் ஷோரூமில் பைக் விற்கிறான், இன்னொருவன் அப்பாவின் டிராக்டரை ஓட்டுகிறான். மீதிப்பேர் அமீர்ப்பேட்டைக்குப் போய் மூன்று மாதம் கம்ப்யூட்டர் பாஷை கற்றுக்கொண்டு கரையேறிவிட்டார்கள். ஓம்காரும் இரண்டு மாதம் போய் உட்கார்ந்தான். இருநூறு பேர் அடைந்த அறையில் சார் மைக்கில் சொன்னதைவிட, தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியின் பேரிங் போன சத்தம்தான் அவன் காதில் விழுந்தது. பையன் மக்கு இல்லை. படித்த படிப்புக்கே வேலை பார்க்கவேண்டும் என்று ஒரு பேராசை, அவ்வளவுதான்.

அந்தப் பேராசையோடு அவன் போடாத விண்ணப்பம் இல்லை. 'புதியவர்கள் தேவை' என்று தலைப்பு இருக்கும். கீழே சின்ன எழுத்தில் 'குறைந்தது இரண்டு வருட அனுபவம்' என்று இருக்கும். பயிற்சித் திட்டம் என்பார்கள். போனால், பயிற்சிக்கு முதலில் நீ பணம் கட்டு என்பார்கள். ஓர் இடத்தில் பன்னிரண்டு பேரை வட்டமாக உட்காரவைத்து 'மௌனம்' என்ற தலைப்பில் விவாதிக்கச் சொன்னார்கள். யார் அதிகம் கத்தினானோ அவன் தேறினான். இன்னோர் இடத்தில் நேர்முகத் தேர்வு வீட்டிலிருந்தே. லாப்டாப்பில் கேள்வி எழுத்தில் வரும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும், அந்தப் பக்கம் ஆள் கிடையாது. அம்மா ஆண்டாளுக்கு அது புரியவில்லை. மகன் சட்டை மாட்டி, சீவிச் சிங்காரித்து யாரிடமோ பணிவாகப் பேசுகிறான் என்றால் எதிரே பெரிய மனிதர் இருக்கவேண்டும் அல்லவா? இரண்டு கிளாஸில் டீ கொண்டுவந்தாள். ஒன்றை மகன் பக்கமும், இன்னொன்றை லாப்டாப் பக்கமும் வைத்துவிட்டுப் போனாள். கேமராவில் அம்மாவின் கையும் கிளாஸும் விழுந்தன. 'தேர்வின்போது வேறு நபரின் உதவி பெறப்பட்டது' என்று மறுநாள் கடிதம் வந்தது.

இப்படி ஒரு வருடம். அப்பா மல்லேஷம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். முப்பது வருடத்தில் டிக்கெட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதவர். சொந்த மைத்துனன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவருடைய பஸ்ஸிலேயே ஏறிவந்தபோதும், பத்திரிகையை வலதுகையால் வாங்கிக்கொண்டு இடதுகையால் டிக்கெட் கிழித்தவர். அந்த மைத்துனன் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பான். அவன்தான் ஒருநாள் ஜங்கய்யாவைப் பற்றிச் சொன்னான்.

ஜங்கய்யாவின் 'வக்ரதுண்டா டெக்னோ' அமீர்ப்பேட்டையில் ஒரு டிபன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. ஓர் அறை, ஐந்து போன், ஒரு பிள்ளையார். வெளியே நின்றால் தோசை வாசனை. அவர் மல்லேஷத்தையும் ஓம்காரையும் உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார்.

"வேலைக்குப் போனா அனுபவம் கேக்கறான். அனுபவத்துக்குப் போனா வேலை கேக்கறான். நடுவுல பையன் அல்லாடறான். அந்த நடுவுலதான் சார் நான் கடை போட்டிருக்கேன்."

அவர் ஒருநாள் அனுபவம் விற்கிற ஆள் இல்லை. கடிதமும் சம்பளச் சீட்டும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதெல்லாம் இப்போது செல்லாது என்றார். மாதாமாதம் பையன் பெயரில் பி.எஃப். கட்டவேண்டும். சம்பளம் வங்கியில் விழவேண்டும். இரண்டு வருடம் கழித்து எவன் தோண்டிப் பார்த்தாலும் அனுபவம் அசையக்கூடாது. "அனுபவம்னா ஆவக்காய் ஊறுகாய் மாதிரி சார். இன்னிக்குப் போட்டு இன்னிக்குத் தின்ன முடியாது. ஜாடியில ஊறணும்."

ஓம்கார் வாயைத் திறந்தான். செய்யாத வேலையைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டான்.

"நீ சொல்லவே வேணாம் தம்பி" என்றார் ஜங்கய்யா. "அதுவே சொல்லும்."

வெளியே வந்ததும் மல்லேஷம் வெகுநேரம் படிக்கட்டிலேயே நின்றார். பிறகு மகன் முகத்தைப் பார்க்காமல், டிக்கெட் வாங்கிவிட்டால் ஏறின மாதிரிதானே என்றார். முப்பது வருடக் கண்டக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓம்காரும் தலையாட்டினான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மகனின் சம்பளத்தை அப்பாதான் கொடுக்கவேண்டும். மல்லேஷத்தின் சேமிப்பிலிருந்து மாதாமாதம் ஜங்கய்யாவுக்குப் போகும். ஜங்கய்யா தன் பங்கையும் பி.எஃப்.பையும் கழித்துக்கொண்டு மீதியை ஓம்காரின் கணக்கில் சம்பளமாகப் போடுவார். ஓம்கார் அதை எடுத்து அம்மா கையில் கொடுப்பான். ஆண்டாள் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுச் செலவுக்கு என்று மல்லேஷத்திடம் நீட்டுவாள். மல்லேஷம் தன் பணத்தைத் தானே, கொஞ்சம் இளைத்துப்போன நிலையில், திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

ஆண்டாளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் சந்துக்குத் தெரிந்த மாதிரி. சொல்லாததால் வேறொன்று நடந்தது: மகனுக்கு வேலை கிடைத்தால் வருகிறேன் என்று சில்குர் பாலாஜிக்கு அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். முதல் சம்பளம் வந்த வாரமே இருவரையும் இழுத்துக்கொண்டு போய் நூற்றெட்டுப் பிரதட்சிணம் செய்தாள். அப்பாவும் மகனும் கோயிலில் கொடுத்த எண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டத்தை அடித்தபடி பின்னால் நடந்தார்கள். எழுபதாவது சுற்றில் ஓம்கார் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். மல்லேஷம் நூற்றெட்டையும் முடித்தார். சாமி முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பிரமராம்பாவின் கேள்வியும் மாறியது. "அவ்வளவுதானா சம்பளம்? பரவால்ல, ஆரம்பம்தானே." எங்கள் சந்தில் சந்தோஷம் இப்படித்தான் வெளிப்படும்.

வேலைக்குப் போகிறவன் காலையில் கிளம்பவேண்டும். கழுத்தில் வக்ரதுண்டாவின் அட்டையை மாட்டிக்கொண்டு, அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு ஓம்கார் எட்டரை மணிக்கு இறங்குவான். எங்கே போவது? முதல் வாரம் பார்க்கில் உட்கார்ந்தான். இரண்டாவது வாரம் வாட்ச்மேன் சந்தேகப்பட ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் பாலாநகரில் யாதகிரி என்பவரின் ஷெட்டுக்குள் நுழைந்தான். அங்கே பம்பு ரிப்பேர். அபார்ட்மென்ட் பம்பு, ஆலைப் பம்பு, எது வந்தாலும் பிரிப்பார்கள். சும்மா நின்று பார்க்கட்டுமா என்று கேட்டான்.

யாதகிரி அவன் கழுத்து அட்டையைப் பார்த்தார். "சாஃப்ட்வேர் கம்பெனியா? இங்க என்ன சார் வேலை உங்களுக்கு?"

"அங்க வேலை இல்லண்ணா" என்றான் ஓம்கார். அதைவிட உண்மையான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது.

நின்று பார்த்தவன் ஒரு வாரத்தில் ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தான். ஒரு மாதத்தில் தானே பிரித்தான். ஆறு மாதத்தில், பம்பின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, இது பேரிங், இது தண்டு வளைந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். கூலி கிடையாது. மத்தியானம் மட்டும் யாதகிரி வீட்டுச் சோளரொட்டியில் பாதியும், அவன் டிபன் பாக்ஸில் பாதியும் கை மாறும். மாலையில் கிரீஸைத் துடைத்து, சட்டை மாற்றி, அட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவான். நகத்தில் கறுப்பு இருக்கே என்று ஆண்டாள் ஒருநாள் கேட்டாள். கீபோர்டு பழசு என்றான். அவளும் நம்பி, பாவம், ஆபீஸில் புதுசு வாங்கித் தரக்கூடாதா என்று பிரமராம்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

இப்படியே பதினான்கு மாதம் ஆவக்காய் ஊறியது.

பதினைந்தாவது மாதம் அந்த விளம்பரம் வந்தது. பட்டான்செரு பக்கம் ஒரு பெரிய பம்பு ஆலை. பட்டதாரிப் பொறியாளர் பயிற்சித் திட்டம். ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி, பிறகு நிரந்தரம். படித்து முடித்து மூன்று வருடத்துக்குள் இருக்கவேண்டும். இதற்குமுன் எங்கும் வேலை பார்த்திருக்கக்கூடாது. ஓம்கார் அதை மூன்று தடவை படித்தான். அனுபவம் இருக்கக்கூடாது என்று கேட்கிற ஒருவனை அவன் வாழ்நாளில் முதல்முதலாகச் சந்திக்கிறான். முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். அந்த வருடம் அவன் எந்தத் தாளிலும் எழுதிய முதல் நிஜம் அது. ஜங்கய்யா வைத்திருக்கிற ஜாடியை எடுத்துக் காட்டினால்தானே, காட்டாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

எழுத்துத் தேர்வு முடிந்தது. கடைசிச் சுற்றில் பத்துப் பத்துப் பேராக ஆலைக்குள் கூட்டிப்போய் ஓடுகிற பம்பு ஒன்றின் முன்னால் நிறுத்தினார்கள். உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம். என்ன கோளாறு? ஒருவன் பேரிங் என்றான். ஒருவன் மோட்டார் என்றான். ஒருவன் புத்தகத்தில் நாலு காரணம் இருக்கிறது என்று நாலையும் ஒப்பித்தான். ஓம்கார் பம்பைத் தொடக்கூட இல்லை. பின்பக்கம் நடந்து, தண்ணீர் உள்ளே வருகிற குழாயின் வால்வைப் பார்த்தான். பாதி மூடியிருந்தது. திறந்தான். சத்தம் நின்றது.

தேர்வுக் குழுவின் தலைவி சுமித்ரா, ஐம்பது வயது, பாதுகாப்புக் காலணி போட்ட அம்மாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"பாலாநகர்ல ஒரு ஷெட்டுல மேடம். சும்மா நின்னு பார்த்தது."

"சும்மா நின்னு பார்த்தவன்தான் எனக்கு வேணும்" என்றார் அவர். "மத்தவங்க எல்லாம் பதில் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க."

ஒன்பது நாளில் கடிதம் வந்தது. இருபது இடத்தில் ஓம்கார் நான்காவது. கீழே ஒரு வரி, ஆவணச் சரிபார்ப்புக்கு உட்பட்டு என்று. ஆண்டாளிடம் வேலை மாறுகிறேன் என்றான். மல்லேஷம் அன்று டியூட்டி முடிந்து பாதுஷா வாங்கிவந்தார். பிரமராம்பாவுக்கே தானாகப் போய்க் கொடுத்தார். மல்லேஷம் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒருநாள்தான். ஜங்கய்யாவுக்கு இனிமேல் பணம் இல்லை என்று போன் செய்தார். அவரும் வாழ்த்துச் சொன்னார்.

சரிபார்ப்பு நாளன்று ஆலையின் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் ஓம்காரின் ஆதார் எண்ணைத் தட்டினான். திரையைப் பார்த்தான். மறுபடி தட்டினான்.

"உங்களுக்கு ஏற்கெனவே பி.எஃப். நம்பர் இருக்கே."

ஓம்கார் எட்டித் திரையைப் பார்த்தான்.

"வக்ரதுண்டா டெக்னோ. பதினாலு மாசம். ஒரு மாசம்கூட விடாம கட்டியிருக்காங்க. விண்ணப்பத்துல அனுபவம் இல்லன்னு எழுதியிருக்கீங்க?"

ஜங்கய்யா சொன்னது சரிதான். அதுவே சொல்லிவிட்டது.

விளக்கம் தர மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஓம்கார் நேராக அமீர்ப்பேட்டைக்கு ஓடினான். நான் இங்கே வேலையே பார்க்கவில்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டான். ஜங்கய்யாவுக்கு நிஜமாகவே வருத்தம். ராஜினாமாக் கடிதம் வேண்டுமா, தேதி போட்டுத் தருகிறேன் என்றார். நன்னடத்தைச் சான்று வேண்டுமா, தங்கமான பையன் என்று எழுதித் தருகிறேன் என்றார்.

"வேலையை விட்டு உன்னை நிறுத்தலாம் தம்பி. வேலையே செய்யலன்னு எப்படிக் குடுக்கறது? அப்ப பதினாலு மாசம் யாருக்குச் சம்பளம் போட்டேன்னு கேப்பான்ல? இங்க இருநூறு பசங்க ஊறிட்டு இருக்காங்க. உன் ஒருத்தனுக்காக ஜாடியை உடைக்கச் சொல்றியா?"

அடுத்து பாலாநகர். இந்தப் பதினான்கு மாதமும் பையன் என் ஷெட்டில்தான் நின்றான் என்று யாதகிரி ஒரு வரி எழுதித் தந்தால், வக்ரதுண்டாவில் இல்லை என்று ஆகுமே. யாதகிரி பேனாவைக் கையில்கூட எடுத்தார். பிறகு கீழே வைத்தார். ஒரு இன்ஜினியர் பையன் பதினான்கு மாதம் இங்கே வேலை செய்தான் என்று என் கையாலேயே எழுதித் தந்தால், சம்பளம் எங்கே, ஈ.எஸ்.ஐ. எங்கே என்று லேபர் ஆபீஸ்காரன் வருவானே என்றார். கண் கலங்கியது அவருக்கு. வேண்டுமானால் நேரில் வந்து சொல்கிறேன் என்றார். எழுத்தில் மட்டும் வேண்டாம்.

ஆக, செய்த வேலைக்குத் தாள் இல்லை. தாள் இருக்கிற வேலையை அவன் செய்யவில்லை.

மூன்றாம் நாள் சுமித்ராவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அப்பா சம்பளம் கொடுத்ததையும், பார்க்கில் உட்கார்ந்ததையும்கூட. அவன் முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ சொல்றதை நான் நம்பறேன் ஓம்கார். நம்பினா, நீ பொய் அனுபவம் வாங்கினவன். உன்னை எடுக்கக்கூடாது. நம்பலன்னா, இருக்கிற அனுபவத்தை மறைச்சவன். அப்பவும் எடுக்கக்கூடாது." கழற்றின கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இதை நீ எங்கிட்ட வந்து சொல்லாம இருந்திருக்கலாம்னு இருக்கு."

"சொல்லாம இருந்தா எடுத்திருப்பீங்களா மேடம்?"

"இல்ல. எனக்குத் தூக்கம் வந்திருக்கும்."

நான்காவது இடம் இருபத்தொன்றாவது ஆளுக்குப் போயிற்று. புத்தகத்தில் இருக்கிற நாலு காரணத்தையும் ஒப்பித்தானே, அந்தப் பையனுக்கு.

ஓம்கார் வீட்டுக்கு வந்தபோது மல்லேஷம் காக்கிச் சட்டையோடு வாசலில் காத்திருந்தார். ஆண்டாள் உள்ளே இருந்தாள். மகன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான் வாங்கின டிக்கெட்டுதாண்டா" என்றார்.

"விடு நான்னா" என்றான் மகன்.

"டிக்கெட் இல்லாதவனை இறக்கி விட்டிருக்கேன். ஏறாதவனை எங்க கொண்டுபோய் இறக்கறது, தெரியல." காக்கிப் பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு அன்று டியூட்டி இல்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

சந்தில் விஷயம் பரவ இரண்டு நாள் ஆனது. ஆண்டாள் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் கொஞ்சம் மனசாட்சி உண்டு. பிரமராம்பா இந்தத் தடவை குழாயடியில் கேட்கவில்லை. ஓம்காரைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவான குரலில் கேட்டார்.

"அந்த ஜங்கய்யா நம்பர் இருக்கா நாயனா? எங்க தங்கச்சி மகன் ஒருத்தன் இருக்கான். பாவம், அனுபவமே இல்லாம திண்டாடறான்."

ஓம்கார் கொடுத்தான்.

முதல் தேதி நெருங்கியது. ஆண்டாள் சாமி படத்தின் முன்னால் இடம் துடைத்து வைத்திருந்தாள். மல்லேஷத்தின் சேமிப்பில் இனிமேல் எடுக்க ஒன்றுமில்லை. யாதகிரியிடம் கூலி கேட்க ஓம்காருக்கு மனசு வரவில்லை. கேட்டாலும் அவரால் முடியாது. அப்போதுதான் ஜங்கய்யாவே கூப்பிட்டார். ஐந்து போனில் மூன்றை எடுக்க ஆள் இல்லையாம். கம்பெனிக்காரர்கள் விசாரிக்கும்போது தெளிவாகப் பேசவேண்டும். வெளியாளை வைத்தால் நம்பமுடியாது. "நீ நம்ம கம்பெனியில பதினாலு மாசம் இருந்தவன். உனக்கு இங்க எல்லாம் தெரியும்."

இப்போது அவன் எட்டரை மணிக்கு அதே அட்டையை மாட்டிக்கொண்டு இறங்குகிறான். டிபன் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. தலைக்கு மேலே மின்விசிறி சத்தம் போட்டால் ஏறிப் பார்க்கத் தோன்றும்; போன் விடாது. "ஆமா சார், எங்ககிட்டதான் வேலை பார்த்தார். ரெண்டு வருஷம். நல்ல பையன், நேரத்துக்கு வருவார்." பிரமராம்பாவின் தங்கை மகனை அவன் பார்த்ததே இல்லை. அவனுக்கு ஒரு மாதம் பி.எஃப். கட்டியாகிவிட்டது.

முதல் தேதி சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தான். ஆண்டாள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மறுநாள் குழாயடியில் அதைத்தான் சொல்லி ஆற்றாமைப்பட்டாள்: வேலை மாறுகிறேன் என்றவன் பழைய கம்பெனிக்கே திரும்பப் போயிருக்கிறான், ஒன்றேகால் வருடமாக உழைத்த பையனுக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறார்களாம். முதலாளி மாறிவிட்டாரா என்ன, முன்னால் இருந்தவர் நல்ல மனசுக்காரர் போல என்றாள்.

பக்கத்தில் நின்ற மல்லேஷம் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.